லேப்டாப்பில் வீட்டு நாஸ் திறக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பின்னால் இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி ஒன்று பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா வைத்திருந்த பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்த படங்கள், கல்யாண வீடியோ, பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு அக்கா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் வாங்கி வைத்தார்கள், வைத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதால் "நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னைக்கு லேப்டாப்ல வரலை" என்ற போனும் எனக்குத்தான் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், கடைசியில் வேலை செய்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கட்டளைகள், செய்திகள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்கு நாஸின் ஐபி எண் 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம், உங்கள் வீட்டில் வேறாக இருக்கும்.

நேற்று வரை திறந்தது, இன்று "நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை" என்று 80070035 எண்ணோடு செய்தி வருகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் நாஸைத் தொடாதீர்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டு அமைதியாக ஓடுகிறது என்றால் அதற்குள் இருப்பவை பத்திரமாகத்தான் இருக்கும், மாறியது பெரும்பாலும் லேப்டாப் பக்கமோ ரவுட்டர் பக்கமோதான்.

லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, நாஸின் பெயரைப் போடாமல் ஐபி எண்ணை மட்டும் போட்டுப் பாருங்கள். உங்கள் நாஸ் சினாலஜி நிறுவனத்தினுடையது என்றால் எண்ணுக்குப் பின் :5000, க்யூநாப் நிறுவனத்தினுடையது என்றால் :8080. நிர்வாகப் பக்கம் வந்தால் லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் பாதை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்து விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியில் \\192.168.1.20 என்று தட்டி எண்டர் கொடுங்கள். ஃபோல்டர்கள் வந்துவிட்டால் கோளாறு பெயரில், அதாவது லேப்டாப்பால் நாஸின் பெயரை எண்ணாக மாற்றிக்கொள்ள முடியவில்லை. பாஸ்வேர்ட் கேட்டு நின்றால் கோளாறு வாசலில், அதாவது பயனர் பெயரிலோ பாஸ்வேர்டிலோ. ஒன்றுமே வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபைல் பகிர்வுக்கான 445 என்ற போர்ட் (எண்ணிட்ட நுழைவழி) அடைபட்டிருக்கிறது, அல்லது நாஸில் ஃபைல்களைப் பகிரும் எஸ்எம்பி என்ற சேவை ஓடவில்லை. அதை உறுதி செய்ய பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்று அடித்து, ஐபி எண்ணையும் போர்ட் 445 என்பதையும் கொடுத்தால் கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும்.

பாதையா, பெயரா, வாசலா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதைப் பிரிக்காமல் ஃபயர்வாலை அணைப்பது, விண்டோஸை மறுபடி போடுவது என்று மூன்று நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிங் கொடுத்தேன், நான்கு அனுப்பி நான்கும் வந்தது என்கிறது, ஆனாலும் திறக்கவில்லையே?

பிங் என்பது ஒரு கருவியை எட்ட முடிகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை. அது காட்டும் நான்கு வரிகளை நிதானமாகப் படியுங்கள். "ரிப்ளை ஃப்ரம்" என்பதற்குப் பின் இருக்கும் எண் நாஸின் எண்ணா, உங்கள் லேப்டாப்பின் எண்ணா? பெட்டியை எட்ட முடியாதபோது லேப்டாப் தனக்குத்தானே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று பதில் எழுதிக்கொள்ளும், அதையும் விண்டோஸ் வந்த பதிலாகவே எண்ணி இழப்பு 0 என்று கீழே காட்டும். நானே ஒரு முறை கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, பாதை சரியாக இருக்கிறது என்று நம்பி ஒரு மாலை முழுவதும் பாஸ்வேர்டுகளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நாஸின் ஐபி எண்ணே தெரியாது. எங்கே பார்ப்பது?

ரவுட்டரின் பக்கத்துக்குள் போனால் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். பெயர் புரியவில்லை என்றால் நாஸின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். நாஸ் நிறுவனத்தின் போன் செயலியும் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்த பிறகும்தான் இந்தப் பிரச்சினை. ஏன்?

நம் ஊரில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மதியம் வருகிறது, ரவுட்டரும் நாஸும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எண்ணை வாடகைக்குக் கொடுப்பது ரவுட்டர், டிஹெச்சிபி என்பது அதன் பெயர். எந்த எண்ணை யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கைப் பல ரவுட்டர்கள் அணைந்தவுடன் மறந்துவிடும். அப்புறம் நாஸுக்குப் பழைய 20க்குப் பதிலாக 23 கிடைத்திருக்கும், பழைய 20 யாராவது ஒருவருடைய போனுக்குப் போயிருக்கும். லேப்டாப்பில் நாஸுக்கு வைத்த குறுக்கு வழியான இசட் டிரைவ் இன்னும் 20ஐத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

ரவுட்டர் அமைப்புக்குள் டிஹெச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒரு இடம் இருக்கும். நாஸின் மேக் முகவரியைக் கொடுத்து, இந்த எண் இவருக்கு மட்டும் என்று எழுதி வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, அதன்பின் பெரும்பாலும் இந்தப் பக்கம் வரவே வேண்டியிருக்காது. சிலர் நாஸுக்குள்ளேயே போய் எண்ணை நிரந்தரமாக எழுதி வைப்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் ரவுட்டர் வாடகைக்குக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரவுட்டர் அதே எண்ணை இன்னொரு கருவிக்கும் கொடுத்துவிடும், நாஸ் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. வந்து வந்து போகும் கோளாறு போலக் கண்டுபிடிக்கக் கஷ்டமானது வேறில்லை.

ஒரு சின்ன யுபிஎஸ் வைத்து நாஸையும் ரவுட்டரையும் அதில் செருகிவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் சேதமாகும் அபாயம் உண்டு, ஐபி மாறுவதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

லேப்டாப்பின் எண் 192.168.0 என்று தொடங்குகிறது, நாஸின் எண் 192.168.1 என்று தொடங்குகிறது. பரவாயில்லையா?

சாதாரண வீட்டு அமைப்பில் அது இரண்டு தனி நெட்வொர்க். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டர், வைஃபை பின் அறைக்கு எட்டவில்லை என்று நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர், இரண்டும் தனித்தனியாக எண் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஜியோ ஃபைபர் பெட்டி பொதுவாக 192.168.29 வரிசையில் கொடுக்கும், கடையில் வாங்கிய ரவுட்டர் 0 அல்லது 1 வரிசையில் கொடுக்கும். உள் ரவுட்டரில் இருக்கும் லேப்டாப் வெளி ரவுட்டரில் இருக்கும் நாஸை ஐபி எண் போட்டால் சில சமயம் எட்டிவிடும், எதிர்த்திசையில் எட்டாது, அதனால்தான் ஒரு லேப்டாப்பில் வருகிறது இன்னொன்றில் வரவில்லை என்று குழப்பம். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். அதன்பின் எண் கொடுப்பது ஒரே பெட்டி, வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க்.

லேப்டாப்பின் எண் 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரவுட்டர் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது. கேபிளையோ வைஃபையையோ கழற்றி மாட்டுங்கள்.

போனில் திறக்கிறது, டிவியில் திறக்கிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை. ஏன்?

நான் முதலில் கேட்பது, அது அலுவலக லேப்டாப்பா? ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் லேப்டாப்பின் எல்லாப் போக்குவரத்தும் அலுவலகத்துக்குப் போய்விடும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கும், வீட்டுக்குள் இருக்கும் பெட்டி அதன் கண்ணுக்கே தெரியாது. விபிஎன்னை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நிறுத்தியும் வரவில்லை என்றால் 445 போர்ட்டை அலுவலகப் பாதுகாப்பு மென்பொருள் அடைத்திருக்கலாம், அதை உடைக்க வழி தேடாதீர்கள், உங்கள் வேலைக்கு வம்பு.

லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விருந்தினர் வைஃபை இணையத்தை மட்டும் கொடுக்கும், வீட்டுக் கருவிகளைக் காட்டாது, அதற்காகத்தான் அது இருக்கிறது. பெயர் மட்டும் கொஞ்சம் வேறாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

மூன்றாவது காரணம் எனக்கே வெகுநாள் பிடிபடவில்லை. நாஸில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், லேப்டாப்போ பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு யாரும் கேட்காமலே பின்னணியில் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டியிருக்கும். யாரோ திருட முயல்கிறார்கள் என்று நினைத்து நாஸ் அந்த லேப்டாப்பின் ஐபி எண்ணையே தடுத்துவிடும். அப்புறம் சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ளே விடாது, நிர்வாகப் பக்கம்கூடத் திறக்காது. போனிலிருந்து நாஸுக்குள் போய் பாதுகாப்பு அமைப்புகளில் தடுக்கப்பட்ட ஐபி பட்டியலைப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பின் எண் அங்கே உட்கார்ந்திருந்தால் எடுத்துவிட்டு, லேப்டாப்பில் சேமித்த பழைய பாஸ்வேர்டையும் நீக்குங்கள். பட்டியலில் இருந்து மட்டும் எடுத்தால் அரை மணி நேரத்தில் மறுபடி உள்ளே போய்விடும்.

பாஸ்வேர்ட் சரிதான், உறுதியாகத் தெரியும். ஆனாலும் தவறு என்கிறது.

அக்கா இதே வார்த்தையைத்தான் சொன்னாள், நான்கு முறை சொன்னாள். நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது கீழே வலது மூலையில், மணிக்குப் பக்கத்தில், ஆங்கிலத்துக்குப் பதிலாக "த" என்று இருந்தது. சற்று முன் குடும்பக் குழுவில் தமிழில் ஏதோ தட்டியிருக்கிறாள், விசைப்பலகை தமிழ் 99லேயே நின்றுவிட்டது. பாஸ்வேர்ட் கட்டத்தில் தமிழ் எழுத்தும் கறுப்புப் புள்ளி, ஆங்கில எழுத்தும் கறுப்புப் புள்ளி, அவளுக்கு எப்படித் தெரியும்? விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றினேன், திறந்துவிட்டது. தமிழில் தட்டும் பழக்கம் உள்ள யாராக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதை அழுத்திப் பிடித்து, உண்மையில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அது இல்லை என்றால், லேப்டாப்பைத் திறக்கப் போடும் நான்கு இலக்க பின் எண்ணை இங்கே போடுகிறீர்களா என்று பாருங்கள். அந்த எண் அந்த லேப்டாப்புக்கு மட்டும் உரியது, நாஸுக்கு அது தெரியவே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டும் அதற்குத் தெரியாது. நாஸில் உங்களுக்கென்று உருவாக்கிய பயனர் பெயரையும் அதற்குரிய பாஸ்வேர்டையும்தான் கேட்கிறது. விண்டோஸ் சில சமயம் நீங்கள் கேட்காமலே லேப்டாப்பின் பெயரைப் பயனர் பெயருக்கு முன்னால் ஒட்டி அனுப்பும், அப்போது நாஸின் பெயர் அல்லது ஐபி, ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு உங்கள் பயனர் பெயர் என்று முழுதாகக் கொடுங்கள்.

பழைய பாஸ்வேர்டு ஒளிந்திருக்கும் இடம் கண்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜர். அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் நாஸின் பெயரில் ஒன்றும் ஐபி எண்ணில் ஒன்றுமாக இரண்டு பதிவுகூட இருக்கும். இரண்டையும் நீக்கிவிட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுத்துத் திரும்ப ஆன் செய்வது போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி நினைவோடுதான் எழும். ரீஸ்டார்ட்டே கொடுங்கள்.

"ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் பெயரில் இணைய முடியாது" என்று 1219 எண்ணோடு ஒரு பிழை வருகிறது.

விண்டோஸ் ஒரு சர்வரிடம் ஒரு நேரத்தில் ஒரே ஆளாகத்தான் பேசும். பிள்ளைகளின் கணக்கில் படங்கள் ஃபோல்டரை ஏற்கெனவே திறந்து வைத்துவிட்டு, உங்கள் கணக்கில் வீட்டுப் பத்திரங்கள் ஃபோல்டரைத் திறக்கப் போனால் இந்தச் செய்தி வரும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட் யூஸ் என்று மட்டும் அடித்தால் இப்போது எந்தெந்த இணைப்பு இருக்கிறது என்று காட்டும். நெட் யூஸ், ஒரு நட்சத்திரக் குறி, அப்புறம் சாய்வுக் கோடு போட்டு டிலீட் என்று கொடுத்தால் எல்லா இணைப்பும் விடுபடும்.

டிலீட் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து சித்தப்பா அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போன் செய்தார். பயம் நியாயமானது. ஆனால் அது இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும், நாஸில் உள்ள ஒரு ஃபைலைக்கூடத் தொடாது. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் ஏதாவது திறந்திருந்தால் மட்டும் முதலில் சேமித்து மூடிவிடுங்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதை அழுத்தினால் முன்பு நாஸ் பட்டியலில் வரும், இப்போது வருவதில்லை.

அந்தப் பட்டியல் வேறு, இணைப்பு வேறு. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் \\192.168.1.20 என்று தட்டினால் திறக்கும் என்றால் கவலையே வேண்டாம், டிரைவாக மேப் செய்து வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

ஏன் காணாமல் போனது என்றால், பழைய காலத்தில் அந்தப் பட்டியலை நிரப்பியது எஸ்எம்பி 1 என்ற பழைய முறையோடு சேர்ந்த ஒரு சேவை. 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வான்னாக்ரை என்ற பணயமென்பொருள் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பது) அந்த எஸ்எம்பி 1ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709லிருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 வருவதில்லை, அதோடு பழைய பட்டியலும் போயிற்று. இப்போது பட்டியலை நிரப்புவது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறு முறை. நாஸின் ஃபைல் சேவை அமைப்புகளில் அதை இயக்கிவிட்டு, லேப்டாப்பில் உங்கள் வீட்டு வைஃபையைப் பப்ளிக் என்பதிலிருந்து பிரைவேட் என்று மாற்றினால் பெயர் மறுபடி தெரிய வேண்டும்.

நாஸ் இல்லை, ரவுட்டரின் பின்னால் ஒரு யுஎஸ்பி டிஸ்க் செருகியிருக்கிறேன். எஸ்எம்பி 1ஐ ஆன் செய்தால் வேலை செய்யும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். வேலை செய்யும் என்பது உண்மைதான், பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். ஆனால் ஒரு டிஸ்க்கைத் திறப்பதற்காக உங்கள் லேப்டாப்பில் அந்தப் பழைய கதவைத் திறந்து வைக்கிறீர்கள். ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் எஸ்எம்பி 2 சேர்ந்திருக்கும். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் நேராகச் செருகி நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நிதானமாக வேறு பெட்டி யோசிக்கலாம். பழைய நாஸ் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்பில் குறைந்தபட்சம் எஸ்எம்பி 2, அதிகபட்சம் எஸ்எம்பி 3 என்று வைத்துவிடுங்கள்.

"உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது" என்று வருகிறது. இது என் சொந்த லேப்டாப், எந்த நிறுவனம்?

எந்த நிறுவனமும் இல்லை, விண்டோஸின் சொல்வளம் அவ்வளவுதான். நாஸில் பாஸ்வேர்ட் இல்லாமல் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று வைத்திருக்கிறீர்கள், அப்படிப்பட்ட இணைப்பை விண்டோஸ் மறுக்கிறது. 2024ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு 24 எச் 2 முதல் ப்ரோ வகையிலும் இது இயல்பாகவே தடைபட்டிருக்கும், கூடவே ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து வேண்டும் என்ற எஸ்எம்பி சைனிங் கட்டாயமும் வந்தது. அப்டேட் போட்ட மறுநாள் காலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றுபோனது இதனால்தான். தடையை எடுக்க வழி சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் நாஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு, பாஸ்வேர்ட் வைப்பது அதைவிடக் குறைந்த வேலை. வீட்டில் நான்கு பேருக்கு இருபது நிமிடம் ஆகும்.

திறக்கிறது, படம் பார்க்க முடிகிறது, புதிதாக எதுவும் போட முடியவில்லை.

டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நாஸில் அழித்தவை அதன் குப்பைத்தொட்டி ஃபோல்டரில் வருடக்கணக்கில் கிடக்கும், அதைக் காலி செய்தாலே இடம் வந்துவிடும். அடுத்தது அனுமதி. நாஸில் பயனர் தனியாகவும் குழு தனியாகவும் அனுமதி பெறுவார்கள், ஒரு இடத்தில் மறுப்பு என்று இருந்தால் இன்னொரு இடத்தில் கொடுத்த அனுமதி செல்லாது. இரண்டும் இல்லாமல் வீட்டில் எல்லோருக்குமே திடீரென்று எழுத முடியவில்லை என்றால் கவனம், ஃபைல் சிஸ்டத்தில் பிழை கண்டு நாஸ் தானாகவே படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிருக்கலாம். அப்போது முதல் வேலை சரி செய்வது இல்லை, முக்கியமானவற்றை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது.

லேப்டாப்பை ஆன் செய்ததும் இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி வருகிறது.

வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடிவிட்டது. அதை இரண்டு முறை க்ளிக் செய்தால் திறந்துவிடும். முதல் முறை பத்துப் பதினைந்து விநாடி எடுத்தால் நாஸின் டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்து எழுகிறது, பொறுங்கள்.

மேக்புக்கில்?

ஃபைண்டரில் கமாண்ட் கீயோடு கே அழுத்தி, எஸ்எம்பி என்று தட்டி முக்காற்புள்ளியும் இரண்டு சாய்வுக் கோடும் போட்டு ஐபி எண்ணைக் கொடுங்கள். பழைய பாஸ்வேர்ட், மேக் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கீசெயினில் இருக்கும். ஃபைண்டரில் வருகிறது, நாஸ் நிறுவனத்தின் செயலியில் மட்டும் வரவில்லை என்றால் மேக்ஓஎஸ் 15 முதல் வந்த லோக்கல் நெட்வொர்க் அனுமதியைப் பிரைவசி பகுதியில் பாருங்கள், ஒரு முறை தெரியாமல் வேண்டாம் என்று அழுத்தியிருப்பீர்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் தெரிகிறது. ஒன்று திறக்கிறது, இன்னொன்று திறக்கவில்லை. வைரஸா?

வைரஸ் இல்லை. தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் நாஸில் "பொங்கல்" என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை, ஸ்பேஸும் இல்லை. விஷயம் அந்த "பொ"வில் இருந்தது. ஒகரக் குறியைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் அதற்குத் தனி இடம் உண்டு. அல்லது ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே "பொ"தான். ஓகாரமும் ஔகாரமும்கூட இப்படித்தான் பிரியும். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்தே வைக்கும், விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நாஸுக்குள் இருப்பது லினக்ஸ், அது பெயரை வெறும் பைட்டுகளாகத்தான் பார்க்கிறது, ஆகவே அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாக ஒரு முறை நகலெடுத்தேன், விண்டோஸிலிருந்து ஒரு முறை போட்டேன், இரண்டு பொங்கல் ஆகிவிட்டது. கோயில், தோட்டம், கொலு, சொந்த ஊர் என்று ஒ, ஓ வரும் ஃபோல்டர் எல்லாமே இதில் மாட்டும். "தீபாவளி" மட்டும் ஏன் தப்பித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

லேப்டாப்பில் திறக்காத அந்த ஃபோல்டரை நாஸின் நிர்வாகப் பக்கத்தில் உள்ள ஃபைல் மேனேஜர் வழியாகத் திறந்து, அங்கேயே வேறு பெயர் கொடுங்கள், "பொங்கல் பழையது" என்று புதிதாகத் தட்டினாலே போதும். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். ஒன்று வெறும் நகல் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எங்கள் வீட்டில் அம்மா கோலம் போடும் படங்கள் ஒன்றில்தான் இருந்தன.

இணைகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக இருக்கிறது.

கேபிளில் இணைத்திருந்தும் விநாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் உங்கள் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது. கிகாபிட் என்றால் 110 வரை எதிர்பார்க்கலாம். காரணம் பெரும்பாலும் கேபிள்தான். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். என் வீட்டில் சுவருக்குள் ஓடும் கேபிளின் முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பழுப்புக் கம்பி இரண்டும் நீலக் கம்பி இரண்டும் செருகப்படாமல் வெளியே வெட்டி விடப்பட்டிருந்தன. இணையம் வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. புது முனை போட்டதும் சரியாகிவிட்டது. வைஃபையில் மெதுவென்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பத்தாயிரம் சின்னப் படங்கள் ஒரு பெரிய வீடியோவைவிட எப்போதும் மெதுவாகத்தான் போகும், அதில் கோளாறு எதுவும் இல்லை.

வெளியூரிலிருந்து லேப்டாப்பில் திறக்க 445 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடலாமா?

கூடவே கூடாது. நாஸை நேராக இணையத்துக்குக் காட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2021 ஜூன், 2022 ஜனவரி இரண்டும் சாட்சி. முதலாவதில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன, 2015க்குப் பிறகு அவற்றுக்கு அப்டேட்டே வந்திருக்கவில்லை. இரண்டாவதில் டெட்போல்ட் என்ற பணயமென்பொருள் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, வீட்டில் இருப்பதைப் போலவே திறங்கள். ரவுட்டரின் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது என்று அர்த்தம், போர்ட் திறந்தாலும் பயன் இருக்காது, டெயில்ஸ்கேல் அதிலும் வேலை செய்யும்.

எல்லாம் பார்த்தாயிற்று, நாஸே பீப் என்று கத்துகிறது, ஆரஞ்சு விளக்கு எரிகிறது. ரீசெட் பட்டனை அழுத்தவா? இல்லை டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டிப் பார்க்கவா?

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். ரீசெட் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பல பெட்டிகளில் அதன் வேலை மாறும், சில விநாடி என்றால் பாஸ்வேர்ட் மட்டும், இன்னும் நீண்டால் மொத்த அமைப்பும். கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஊசியை எடுக்காதீர்கள். கத்துவது பெரும்பாலும் இரண்டு டிஸ்க்கில் ஒன்று பழுதாகிவிட்டது என்பதற்காக. ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை எழுதும் அமைப்பு என்றால் மற்றதில் எல்லாம் இருக்கும், பிரவுசரில் நிர்வாகப் பக்கம் திறந்தால் எந்த டிஸ்க் என்று காட்டும். முதலில் முக்கியமானவற்றை வெளியே நகலெடுங்கள், அதன்பின் புது டிஸ்க் வாங்கப் போகலாம்.

டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் "பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" அல்லது "இனிஷியலைஸ்" என்று ஒரு கட்டம் வரும். டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தமில்லை, லினக்ஸ் முறையில் எழுதியதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அந்தக் கட்டத்தில் சரி என்று அழுத்தி, ஃபார்மேட் பாதி ஓடும்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கேன்சல் கொடுத்து, டிஸ்க்கை எந்தத் தட்டிலிருந்து எடுத்தீர்களோ அதே தட்டில், அதே வரிசையில் திரும்பப் போடுங்கள். அப்புறம் கூப்பிடுங்கள், இரவு பத்து மணியானாலும் பரவாயில்லை.